டிஷ் வாங்கும் போதும் விற்கும் போதும்

இலத்திரனியல் சாமான் விற்கும் நமது சகோதரர்களிடம் வாடிக்கையாளர்கள் அடிக்கடி கேட்பது, "நானா, சிக்னல் ஆகக் கூடப் புடிக்கிற டிஷ்ஷொண்டு தாங்க" என்பதுதான். ராக்கையில் இருப்பதில் பெரியதை எடுத்துக் கொடுப்பது இலகு. ஆனால் முதல் மழைக்கே படம் நின்று அவர் கடை வாசலுக்கு வந்துவிட்டால், அந்த டிஷ்ஷில் கிடைத்த இலாபத்தைத் திருத்த ஆள் அனுப்பும் கூலியே தின்றுவிடும். பல வருடங்களாக இந்தச் சாமான்களை விற்று வருபவன் என்ற முறையில், டிஷ் தெரிவு செய்வது பற்றிச் சில விடயங்களை இந்த வாரம் சொல்கிறேன்.

முதலாவது, அளவு. செய்மதி பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 35,786 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கிறது. அங்கிருந்து வரும் அலை மிகவும் மெலிந்தே வருகிறது. மழைத்தண்ணீர் பிடிக்க முற்றத்தில் வைத்த தாச்சியைப் போல, டிஷ் எவ்வளவு பரப்புக்கு விரிந்திருக்கிறதோ அவ்வளவு அலையைச் சேர்க்கும். 60 சென்டிமீற்றர் டிஷ்ஷை விட 90 சென்டிமீற்றர் டிஷ் ஒன்றரை மடங்குதான் அகலம். ஆனால் அது சேர்க்கும் அலை இரண்டேகால் மடங்கு. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. வீடுகளுக்குப் பொருத்தும் நீள்வட்ட டிஷ்ஷில் உயரம் கூடுதலாகவும் அகலம் குறைவாகவும் இருக்கும். கணக்கில் எடுக்க வேண்டியது அகலம். உயரத்தை அளந்து "பெரிய டிஷ்" என்று தருபவரிடம் கொள்முதல் செய்யும் முன், உங்கள் அளவு நாடாவால் அகலத்தை ஒருமுறை அளந்து பாருங்கள்.

இரண்டாவது, மழை. வீட்டு டிஷ்ஷுக்கு வரும் கே.யூ. அலைவரிசை 10.7 முதல் 12.75 கிகாஹேர்ட்ஸ் வரையானது. கனத்த மழை இந்த அலையை வழியிலேயே உறிஞ்சிவிடும். 3.4 முதல் 4.2 கிகாஹேர்ட்ஸ் வரையான சீ அலைவரிசைக்கு மழையால் பெரிய பாதிப்பில்லை. ஆனால் அதற்குப் பெரும்பாலும் ஆறு, எட்டு அடி டிஷ் வேண்டும். ஆகவே வெயில் நாளில் படம் தெளிவாக வருவதை வைத்து டிஷ் போதும் என்று முடிவு செய்யக்கூடாது. கையிருப்பு இல்லாமல் கடை நடத்துபவர் வியாபாரம் மந்தமான மாதத்தில் தடுமாறுவது போல, சிக்னல் கையிருப்பு இல்லாத டிஷ் அடைமழையில் தடுமாறும். புத்தளம், மன்னார் போன்ற வறண்ட பகுதிகளில் 60 சென்டிமீற்றர் போதுமாக இருக்கும் ஒரு சேவைக்கு, இரத்தினபுரி, களுத்துறைப் பக்கம் 75 அல்லது 90 விற்பதே வாடிக்கையாளருக்கும் நன்மை, நமக்கும் நன்மை.

அப்படியானால் எல்லோருக்கும் ஆகப் பெரியதையே கொடுத்துவிடலாமே என்று கேட்கலாம். டிஷ் பெரிதாகப் பெரிதாக அதன் பார்வை ஒடுங்கும். 60 சென்டிமீற்றர் டிஷ்ஷின் பார்வை சுமார் 3 பாகை. 90 சென்டிமீற்றர் டிஷ்ஷுக்கு 2 பாகைக்கும் குறைவு. காற்றும் பெரிய டிஷ்ஷைத்தான் கூடுதலாகத் தள்ளும். எனவே ஆடும் கம்பத்தில் கட்டிய பெரிய டிஷ்ஷை விட, கொங்கிரீட் சுவரில் இறுக்கிய சிறிய டிஷ் நன்றாக வேலை செய்யும்.

மூன்றாவது, வடிவம். விளிம்பு நெளிந்த டிஷ் எவ்வளவு பெரிதானாலும் அலையை ஓரிடத்தில் சேர்க்காது. விளிம்பில் இரண்டு நூல்களைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டுங்கள். நடுவில் இரண்டும் தொட்டும் தொடாமலும் நின்றால் விளிம்பு நேர். இடைவெளி தெரிந்தால், அல்லது ஒன்றை ஒன்று அழுத்தினால், அந்தச் சாமானைத் திருப்பி அனுப்புங்கள். கடலோர ஊர்களுக்கு விற்பவர்கள் துத்தநாகம் பூசிய இரும்பா, வெறும் பெயின்ட் அடித்ததா என்றும் பார்க்க வேண்டும். உப்புக்காற்று முதலில் தின்பது நட்டையும் தாங்கியையும்தான்.

நான்காவது, பொருத்துதல். கிழக்கு 45 பாகையில் நிற்கும் செய்மதியைக் கொழும்பிலிருந்து பார்த்தால், நேர் மேற்கிலிருந்து 10 பாகை தெற்கே தள்ளி, ஏறத்தாழ 49 பாகை உயரத்தில் இருக்கும். அந்தத் திசையில் தென்னையோ பக்கத்து வீட்டு மாடியோ மறைத்தால் எந்த டிஷ்ஷும் உதவாது. நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால், இப்படி மேற்கே தள்ளி நிற்கும் செய்மதிக்கு எல்.என்.பி.யையும் பக்கவாட்டில் நன்றாகத் திருப்பிப் பூட்ட வேண்டும். வேறு நாட்டுக்கு எழுதிய அட்டையைப் பார்த்துப் பூட்டுபவர்கள் பெரும்பாலும் இதில்தான் தவறுகிறார்கள்.

கேபிளையும் மறக்க வேண்டாம். ரிசீவர் அதன் வழியாகவே எல்.என்.பி.க்கு 13 அல்லது 18 வோல்ட் அனுப்புகிறது. மலிவான, நீண்ட கேபிளில் அந்த வோல்ட் குறைந்தால் சில சனல்கள் மட்டும் வராமல் போகும். வாடிக்கையாளரோ டிஷ்ஷைக் குறை சொல்வார்.

கடைசியாக, ரிசீவர் காட்டும் இரண்டு கோடுகள். ஸ்ட்ரெங்த் என்பது சத்தத்தையும் சேர்த்துக் கணக்கிடும். டிஷ் தவறான திசையைப் பார்த்தாலும் அது உயர்ந்து நிற்கலாம். பார்க்க வேண்டியது குவாலிட்டி. பொருத்தி முடிந்ததும் அந்தக் குவாலிட்டி அளவை வாடிக்கையாளருக்குக் காட்டி, டிஷ்ஷின் அகலத்துடன் பில்லில் எழுதிக் கொடுங்கள். ஆறு மாதம் கழித்து முறைப்பாடு வந்தால், வெயில் நேரத்தில் அதே ரிசீவரில் அளவைப் பார்த்து ஒப்பிடலாம். குறைந்திருந்தால் டிஷ் அசைந்திருக்கிறது, துருப்பிடித்திருக்கிறது, அல்லது கேபிளில் தண்ணீர் இறங்கியிருக்கிறது. குறையாதிருந்தால் மழைக்குப் போதுமான கையிருப்பு இல்லை என்று பொருள். எதுவானாலும் வாய்த்தர்க்கம் தேவைப்படாது. பில்லில் எழுதிய அந்த ஒரு இலக்கமே நமது கடைக்கு நற்பெயரைச் சம்பாதித்துத் தரும்.