"வேணாம்" என்று சொல்லப் பழக்குவோம்



போன் கையில் கிடைத்தால் பிள்ளை கெட்டுப்போகும் என்பது இன்று எல்லா லயத்திலும் கேட்கும் பேச்சு. கொழுந்து எடுத்துக் களைத்து வரும் தாய்க்கு, மூலையில் உட்கார்ந்து கேம் விளையாடும் மகனைக் கண்டால் கோபம் வருவது நியாயந்தான். ஆனால் பிள்ளைகளைத் தீய பழக்கங்களிலிருந்து காக்கவும் வீடியோ கேம் உதவுமா என்று அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தார் சோதித்துப் பார்த்தார்கள்.

அவர்கள் செய்த கேமின் பெயர் 'பிளேஃபோர்வர்ட்'. எயிட்ஸ் கிருமி தொற்றாமல் தடுப்பதே அதன் முதல் நோக்கம்; குடியும் போதைப்பொருளும் அதில் சேர்ந்தே வரும். விளையாடும் பிள்ளை தனக்கென்று ஒரு ஆளை உண்டாக்கும். அந்த ஆளைக் கூட்டாளிகள் வற்புறுத்துவார்கள். சரி என்பதா, வேண்டாம் என்பதா? எடுத்த முடிவால் பிற்காலம் எப்படி ஆகிறது என்று கேம் காட்டும். பிழைத்தால் பழைய நாளுக்கே திரும்பிப் போய் வேறு முடிவு எடுக்கலாம். நிஜ வாழ்க்கையில் அந்த வசதி நமக்கு ஏது! வற்புறுத்தலுக்குத் தக்கபடி மறுத்துப் பேசவும் தனிப் பயிற்சி உண்டு.

11 முதல் 14 வயது வரையான 333 பிள்ளைகளிடம் இதைச் சோதித்து, 2017இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு வருஷம் கழித்தும், பாலுறவால் வரும் ஆபத்து பற்றி இந்தக் கேமை விளையாடிய பிள்ளைகளுக்கு மற்றவர்களைவிட அறிவும் நல்ல எண்ணமும் கூடியிருந்தன. நடத்தையில் வித்தியாசம் தெரியவில்லை. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். கேம் ஒன்றும் மந்திரம் இல்லை.

ஆனாலும் மறுத்துப் பேசிப் பழகுவது நமக்கும் ஆகும் காரியம். அதற்குப் போன் தேவையில்லை. "குடிக்காதே" என்று நாம் ஆயிரம் தடவை சொல்கிறோம். கூட்டாளி நீட்டும்போது என்ன பதில் சொல்வது என்று ஒருநாளும் சொல்லிக் கொடுப்பதில்லை. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு இஸ்தோப்பில் உட்கார்ந்து பழக்குங்கள். அண்ணன் கூட்டாளியாக நடிக்கட்டும்.

"ஒரு இழுப்பு இழுடா, ஒண்ணும் ஆகாது."

"வேணாம் மச்சான், நாளைக்கு மேட்ச் இருக்கு."

"பயந்தாங்கொள்ளியாடா நீ?"

இந்த இரண்டாவது கேள்வியில்தான் பிள்ளை தடுமாறும். சிரிப்பார்கள், வெட்கப்படுவார்கள், விடாதீர்கள். "பயந்தவன்னே வச்சுக்க, நான் வாறேன்" என்று சொல்லிவிட்டு அந்த இடத்தை விட்டு நகர்வதையும் செய்து பார்க்கட்டும். கொழும்புக்குக் கடை வேலைக்குப் போகப்போகும் பிள்ளை என்றால் இன்னும் கூடுதலாகப் பழக்குங்கள். அங்கே பக்கத்தில் நாம் இருக்க மாட்டோம்.

இன்னொன்று. பீடி வாங்கிவரப் பிள்ளையைக் கடைக்கு அனுப்பும் தகப்பன்மார் இருக்கிறார்கள். 21 வயது ஆகாதவருக்குப் புகையிலைப் பொருளோ மதுபானமோ விற்பது 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். கடைக்காரருக்கும் இதை ஞாபகப்படுத்துங்கள்.

பழக்கும்போதே பிள்ளை, "அம்மா, நான் ஒருதரம் எடுத்திட்டேன்" என்று சொல்லிவிடலாம். அப்போது கை ஓங்காதீர்கள். ஓங்கினால் அடுத்த தடவை உங்களிடம் சொல்லாது. யார் கொடுத்தார்கள், எங்கே, என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்று மெதுவாகக் கேளுங்கள். மறுநாள் அந்தப் பேச்சையே வைத்து இன்னொரு தடவை நடித்துப் பழகலாம்.