நம்பிக்கைகளும் உண்மைகளும்: தொடாத முதலீடு அப்படியே இருக்குமா?

டெல்லி மோதி பாக் அரசுக் குடியிருப்புகளில் வசிக்கும் தமிழ்க் குடும்பங்கள் சேமிப்பதில் குறை வைப்பதில்லை. பிள்ளைகள் டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் (டி.டி.இ.ஏ.) பள்ளியில் படிக்கிறார்கள், சம்பளத்தில் ஜி.பி.எஃப். (பொது சேமநல நிதி) அல்லது என்.பி.எஸ். (தேசிய ஓய்வூதியத் திட்டம்) பிடித்தம் போகிறது, ஒன்றிரண்டு எஸ்.ஐ.பி. (மாதத் தவணை முதலீடு) ஓடுகிறது. ஆனால் சேர்த்ததை ஆண்டுக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்கும் பழக்கம் குறைவு. அதற்குக் காரணமாகச் சொல்லப்படும் சில நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை: "நல்ல ஃபண்டில் போட்டாச்சு, இனி கை வைக்கக் கூடாது."

உண்மை: நாம் கை வைக்காவிட்டாலும் பங்குக்கும் வைப்பு நிதிக்கும் இடையிலான விகிதம் மாறிக்கொண்டே இருக்கும். 2003 மார்ச் கடைசியில் சென்செக்ஸ் ஏறத்தாழ 3,050. 2008 ஜனவரி 8 அன்று 20,873. 2003 மார்ச் கடைசியில் ஒருவர் பத்து லட்சத்தைச் சரிபாதியாகப் பிரித்து, ஐந்தை சென்செக்ஸ் பங்குகளிலும் ஐந்தை ஆறு சதவீத வைப்பு நிதியிலும் போட்டுவிட்டு மறந்திருந்தால், ஈவுத்தொகையை விட்டுவிட்டுப் பார்த்தாலும், 2008 ஜனவரி 8 அன்று பங்குப் பகுதி சுமார் 34.2 லட்சம் ஆகியிருக்கும். வைப்பு நிதி 6.6 லட்சம். சரிபாதி என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தது, கிட்டத்தட்ட 84 சதவீதம் பங்காக மாறிவிட்டது. 2009 மார்ச் 9 அன்று சென்செக்ஸ் 8,160-க்கு இறங்கியபோது அந்த 34 லட்சம் 13 லட்சத்துச் சொச்சம். இருபது லட்சத்துக்கு மேல் போயிற்று. ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்தவர், குவார்ட்டர்ஸைக் காலி செய்து தாம்பரத்திலோ திருச்சியிலோ வீடு கட்ட நினைத்தவர் என்றால் அவர் நிலையை எண்ணிப் பாருங்கள். இத்தனைக்கும் அவர் தவறான ஃபண்ட் எதையும் வாங்கவில்லை.

நம்பிக்கை: "ரீபேலன்ஸ் செய்தால் (விகிதத்தைப் பழைய அளவுக்குத் திருப்பினால்) லாபம் கூடும்."

உண்மை: ஏறுமுகச் சந்தையில் குறையக்கூடும். 2004-இலேயே பங்கை விற்று வைப்பு நிதிக்கு மாற்றியவர், அடுத்த மூன்று ஆண்டு ஏற்றத்தில் ஒரு பகுதியை இழந்திருப்பார். விழும்போது தாங்கும் அளவுக்கு மட்டும் விழ வேண்டும் என்பதற்காகக் கொடுக்கும் விலை அது. அந்த விலை நியாயமானது என்றே நான் கருதுகிறேன்.

நம்பிக்கை: "என்.பி.எஸ். தனிக் கணக்கு, அதை இந்த விகிதத்தில் சேர்க்க வேண்டாம்."

உண்மை: அதைத்தான் முதலில் சேர்க்க வேண்டும். 2004 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்னரோ மத்திய அரசுப் பணியில் சேர்ந்து என்.பி.எஸ்.ஸில் இருப்பவருக்கு, அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் அவர் செலுத்துவது 10 சதவீதம், 2019 ஏப்ரல் முதல் அரசு செலுத்துவது 14. மாதாமாதம் 24 சதவீதம் போகும் இடத்தைக் கணக்கில் விட்டுவிட்டு எஸ்.ஐ.பி.யை மட்டும் பார்ப்பதில் அர்த்தமில்லை. அரசு ஊழியருக்கான வழக்கமான திட்டத்தில் பங்கின் அளவு நெடுங்காலம் 15 சதவீதத்துக்குள் கட்டுப்பட்டிருந்தது. வேறு திட்டம் எதையும் தேர்ந்தெடுக்காமல், கூடவே பி.பி.எஃப்., வைப்பு நிதி என்று சேர்த்த முப்பது வயதுக்காரரிடம் பங்கு மிகக் குறைவாக இருக்கலாம். எல்.சி.-50 திட்டத்தைத் தேர்ந்தெடுத்தவருக்கோ 35 வயது வரை பாதி பங்கு. பிறகு ஆண்டுதோறும் தானாகக் குறைந்து 55 வயதில் 10 சதவீதம்.

நம்பிக்கை: "அரசு ஊழியர் வாங்கி விற்கவே கூடாது."

உண்மை: மத்திய அரசு ஊழியருக்கான நடத்தை விதிகள் 1964-இன் 16-ஆம் விதி தடுப்பது ஊக வணிகத்தை. அடிக்கடி வாங்கி விற்பதும் ஊக வணிகமாகவே கொள்ளப்படும். எப்போதாவது செய்யும் முதலீட்டுக்கு விலக்கு உண்டு. அதனால் விற்காமலே சரிசெய்வது நல்லது: பங்கு கூடிப்போயிருந்தால் அடுத்த சில மாதச் சேமிப்பையும் போனஸையும் வைப்பு நிதிப் பக்கம் திருப்புங்கள். வரியும் மிச்சம். 2024 ஜூலை 23 முதல் பங்கு ஃபண்டில் ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து பெறும் லாபம் ஆண்டுக்கு 1.25 லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 12.5 சதவீத வரி. விற்றே ஆக வேண்டுமென்றால் அந்த வரம்புக்குள் இரண்டு நிதியாண்டுகளாகப் பிரித்து விற்கலாம்.

பங்கு, மியூச்சுவல் ஃபண்ட் பரிவர்த்தனைகள் ஒரு காலண்டர் ஆண்டில் ஆறு மாத அடிப்படைச் சம்பளத்தைத் தாண்டினால், மறு ஆண்டு ஜனவரி 31-க்குள் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்காகக் கணக்கெடுக்கும் வாரத்திலேயே, என்.பி.எஸ். அறிக்கையையும் வங்கிப் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்து விகிதத்தையும் பார்த்துவிடலாம்.