புற்றுநோய்ச் சிகிச்சைத் தாளில் காணும் எழுத்துகள்

சென்ற மாதம் ஒரு நாள் முற்பகலில் நூல் வாங்க வந்த அங்கத்தினர் ஒருவர், மடித்து வைத்திருந்த தாள் ஒன்றை நமது சங்கக் காரியாலய மேசைமீது விரித்தார். அவருடைய மனைவியின் மார்பிலிருந்து எடுத்த சதைத் துணுக்கைச் சோதித்து எழுதப்பட்ட தாள் அது. ஈ.ஆர். நெகட்டிவ், பி.ஆர். நெகட்டிவ், ஹெர்-2 நெகட்டிவ் என மூன்று வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. “மூன்று இடத்திலும் நெகட்டிவ் என்று போட்டிருக்கிறது, ஐயா. அப்படியானால் வீட்டில் அவளுக்குப் புற்று இல்லை என்றுதானே அர்த்தம்? வெள்ளிக்கிழமை மருந்து ஏற்ற வரச்சொல்லியிருக்கிறார்கள். தறியில் புதுப் பாவு ஏறியிருக்கிறது. போகாமல் விட்டுவிடலாமா?” என்று கேட்டார்.

அவர் முகத்திலிருந்த நிம்மதியைக் குலைப்பது நமக்கு எளிதாக இருக்கவில்லை. ஆயினும் அம்மூன்று வரிகளுக்கும் மேலே, முதல் வரியிலேயே, ‘ஐ.டி.சி., கிரேடு 3’ என்று எழுதியிருந்தது. ஐ.டி.சி. என்பது பால் நாளத்தில் தோன்றி, அதன் சுவரைக் கடந்து சுற்றியுள்ள சதைக்குள் புகுந்துவிட்ட புற்று. நோய் உண்டு என்பதை முதல் வரி சொல்லி முடித்துவிட்டது. பின்வந்த மூன்று வரிகள், அந்நோய் எவ்வகையைச் சேர்ந்தது என்னும் வேறொரு கேள்விக்கு விடை கூறுகின்றன.

இவ்வெழுத்துகளைப் பற்றி ஒரு பாடம் எழுத வேண்டும் என்று நாம் எண்ணியது அன்றுதான். சுருக்கெழுத்து நமக்குப் புதிதன்று. 2/80 என்று கட்டின்மீது கண்டால், எண்பதாம் நம்பர் நூல் இரண்டு சேர்த்து முறுக்கியது என்று நெசவாளர் உடனே அறிவார். உரச் சாக்கில் 17:17:17 என்று கண்டால், தழை, மணி, சாம்பல் ஆகிய மூன்று சத்துகளும் சம அளவில் உள்ளன என்று உழவர் அறிவார். வெளியாருக்கு அவை வெறும் எண்கள். மருத்துவரின் எழுத்துகளும் அத்தகையனவே. ஒவ்வோர் எழுத்தும் ஒரு குறிப்பிட்ட கேள்விக்கு விடை. எந்தக் கேள்விக்கு என்று தெரியாமல் விடையை மட்டும் படிப்பதால்தான் விபரீதம் நேர்கிறது. உரச் சாக்கில் ‘என்’ என்னும் ஆங்கில எழுத்து தழைச்சத்தைக் குறிக்கும். புற்றுநோய்த் தாளிலோ அது நிணநீர்க் கணுவைக் குறிக்கும்.

முதலில் டி, என், எம் என்னும் மூன்று எழுத்துகளைக் காண்போம். இம்முறையைப் பிரான்சு நாட்டு அறுவை மருத்துவர் பியேர் தெனுவா என்பவர் 1943 முதல் 1952 வரை படிப்படியாக வகுத்தார். இன்று உலகெங்கும் இதுவே வழக்கில் உள்ளது. காஞ்சிபுரம் காரப்பேட்டையிலுள்ள அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனையில் எழுதிய தாளை, 1954-இல் தொடங்கப்பட்ட சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தாரும், அயல்நாட்டு மருத்துவரும் ஒரே பொருளில் படிக்க இயல்வது இதனால்தான்.

டி என்பது கட்டியைக் குறிக்கும். மார்பகத்தில் 2 சென்டிமீட்டர் வரையுள்ள கட்டி டி1. அதற்கு மேல் 5 வரை டி2. 5-க்கு மேற்பட்டது டி3. கட்டி தோலிலோ மார்புச் சுவரிலோ ஊன்றிவிட்டால், அளவு சிறிதேனும் அது டி4. என் என்பது நிணநீர்க் கணு. காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுகிறது என்கிறோமே, அந்த நெறிதான் இது. மார்பகத்திற்கு அக்குளில் உள்ள கணுக்களே முதற் காவல். என்0 என்றால் கணுக்களில் நோய் காணப்படவில்லை. என்1 முதலியன, நோய் அங்கு எட்டியிருப்பதைக் கூறும். எம் என்பது எலும்பு, நுரையீரல், கல்லீரல், மூளை போன்ற தொலைவான உறுப்புகளுக்கு நோய் பரவியிருக்கிறதா என்பதற்கு விடை. எம்0 இல்லை, எம்1 உண்டு. சில தாள்களில் எம்எக்ஸ் என்றும் எழுதுவர். அது இன்னும் சோதிக்கப்படவில்லை என்று மட்டுமே பொருள்படும். ‘இல்லை’ என்பதும் ‘இன்னும் பார்க்கவில்லை’ என்பதும் ஒன்றாகா.

நமது அங்கத்தினர் கொண்டுவந்த மற்றொரு தாளில் ‘சிடி2 என்1 எம்0’ என்று இருந்தது. கட்டி 2 முதல் 5 சென்டிமீட்டருக்குள்; அக்குள் கணுக்களில் நோய் இருப்பதாகத் தெரிகிறது; தொலைவில் பரவவில்லை. முன்னால் நிற்கும் சிறிய ‘சி’ என்பது, மருத்துவர் கையால் தொட்டும் படம் எடுத்தும் அறிந்தது என்று காட்டும் அடையாளம். அறுவைக்குப் பின், எடுத்த சதையை நுண்ணோக்கியில் பார்த்து எழுதினால், அவ்விடத்தில் ‘பி’ வரும். மருந்து கொடுத்த பின்னர் அறுவை செய்து பார்த்தால் ‘ஒய்பி’ வரும். ஆகவே ஒரே நோயாளிக்கு முதலில் சிடி2 என்றும், பிறகு ஒய்பிடி1 என்றும் இரண்டு தாள்கள் இருக்கலாம். இதைக் கண்டு, முதலில் தப்பாக எழுதிவிட்டார்கள் என்று சச்சரவு செய்தவர்களும் உண்டு. தாள் தவறன்று, கட்டி மருந்தினால் சுருங்கியிருக்கிறது.

அறுவைக்குப் பின்வரும் தாளில் 2/16 என்பது போன்ற ஓர் எண்ணும் இருக்கும். அது தேதியன்று. பதினாறு கணுக்களை எடுத்துப் பார்த்ததில் இரண்டில் நோய் இருந்தது என்பதே பொருள். மேலே நிற்கும் எண் சுழியமாயின் நல்லது.

இனி, மிகப் பலரை மயக்குவது ஸ்டேஜ், கிரேடு என்னும் இரண்டு சொற்கள். ஸ்டேஜ் என்பது நோய் உடலில் எவ்வளவு தூரம் சென்றிருக்கிறது என்பது. டி, என், எம் மூன்றையும் சேர்த்து அது கணிக்கப்படும். ரோமானிய எண்ணில் ஒன்று முதல் நான்கு வரை எழுதப்படும். மேலே கண்ட டி2 என்1 எம்0 என்பது ஸ்டேஜ் இரண்டின் ‘பி’ பிரிவு. இந்த ‘பி’ ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்து. நுண்ணோக்கிக்கு அடையாளமாகச் சொன்ன ‘பி’ வேறு. டி-யின் எண்ணே ஸ்டேஜின் எண் என்று கொள்ளலாகாது. கட்டி டி1 ஆகச் சிறியதாயினும், எம்1 என்று இருந்தால் அது நான்காம் ஸ்டேஜே. கிரேடு என்பதோ, புற்றணுக்கள் இயல்பான அணுக்களிலிருந்து எவ்வளவு மாறுபட்டுள்ளன, எவ்வளவு விரைவாகப் பெருகக் கூடியன என்பதன் தரம். மார்பகத்தில் ஒன்று முதல் மூன்று வரை. கிரேடு 3 என்று கண்டு, ‘மூன்றாம் ஸ்டேஜ் ஆகிவிட்டது, இனிச் செலவு செய்து பயனில்லை’ என்று குடும்பத்தார் பேசிக்கொள்வதை நாம் கேட்டிருக்கிறோம். முதல் ஸ்டேஜில் உள்ள நோயும் கிரேடு 3 ஆக இருக்கலாம்.

இப்போது அந்த மூன்று நெகட்டிவ் வரிகளுக்கு வருவோம். அவற்றின் தலைப்பில் ஐ.எச்.சி. என்று இருக்கும். இது ஒருவகைச் சாயச் சோதனை. நம்மவர்க்கு விளக்குவது எளிது. பருத்தி நூல் பிடிக்கும் சாயம் வேறு, பட்டு நூல் பிடிக்கும் சாயம் வேறு. ஒரு நூல் எச்சாயத்தைப் பற்றுகிறது என்பதைக் கொண்டு அது எந்த நூல் என்று சொல்லிவிடலாம். அதுபோலப் புற்றணுக்களில் சில ஏற்பிகள் உள்ளனவா என்று, அவற்றை மட்டுமே பற்றும் பொருளை இட்டு நிறம் ஏறுகிறதா என்று பார்க்கிறார்கள். ஈ.ஆர். என்பது ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, பி.ஆர். என்பது புரோஜெஸ்டிரோன் ஏற்பி. இவை பாசிட்டிவ் ஆனால், டமாக்சிபென் போன்ற மாத்திரையைப் பல ஆண்டுகள், பெரும்பாலும் ஐந்தாண்டுகளோ அதற்கு மேலோ, உட்கொள்ளச் சொல்வர். ஹெர்-2 என்பது அணுவைப் பெருகத் தூண்டும் ஒரு புரதம். இதற்கு 0, 1+ என்று வந்தால் நெகட்டிவ். 3+ என்றால் பாசிட்டிவ். பாசிட்டிவ் ஆனவர்க்கு டிராஸ்டுசுமாப் என்னும் மருந்து உண்டு. 2+ என்றால் ஐயம். அதைத் தீர்க்க ‘ஃபிஷ்’ என்னும் மற்றொரு சோதனைக்கு அனுப்புவர். அது மீன் அன்று. பத்தியத்திற்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஆகவே மூன்றும் நெகட்டிவ் என்பது, இப்புற்றுக்கு மாத்திரையும் டிராஸ்டுசுமாப் மருந்தும் பயன்படா என்னும் செய்தி. ஊசிவழி ஏற்றும் மருந்தும், அறுவையும், கதிர் வீச்சுமே இதற்கு முக்கியத் துணை. வெள்ளிக்கிழமை போகாமல் விடலாமா என்று நமது அங்கத்தினர் கேட்டாரல்லவா? போகாமல் இருக்கவே கூடாது என்பதைத்தான் அந்த வரிகள் சொல்லிக்கொண்டிருந்தன.

சிகிச்சைத் திட்டத்தில் வரும் எழுத்துகள் இன்னொரு கூட்டம். என்.ஏ.சி.டி. என்றால் அறுவைக்கு முன் கொடுக்கும் மருந்து. ‘ஏ.சி. × 4’ என்பது குளிரூட்டிய அறையில் நான்கு நாள் அன்று. இரண்டு மருந்துகளின் முதலெழுத்துகள் அவை, நான்கு தவணை. தவணைகளுக்கிடையே பெரும்பாலும் 21 நாள் விடுவர். ஆர்.டி. என்றால் கதிர் சிகிச்சை. ‘40 ஜி.ஒய். / 15 #’ என்பதில் ஜி.ஒய். என்பது கிரே என்னும் அளவு. பிரிட்டிஷ் பௌதிக அறிஞர் லூயி ஹெரால்டு கிரேயின் பெயரால் 1975-இல் ஏற்கப்பட்டது. குறுக்குக் கோடிட்ட அந்த அடையாளம் வேறு பிரிவுகளில் எலும்பு முறிவைக் குறிக்கும். இங்கே 40 கிரேயைப் பதினைந்து பங்காகக் கொடுக்க வேண்டும் என்று பொருள். வாரத்திற்கு ஐந்து நாள் வீதம் மூன்று வாரம் போய்வர வேண்டியிருக்கும். தறியை யாரிடம் ஒப்படைப்பது, எந்தப் பேருந்தில் போவது என்பதை முன்னமே தீர்மானிக்க இவ்வொரு வரி உதவும்.

இரத்தச் சோதனையில் ‘கவுண்ட்’ என்னும் சொல் நம் நெசவாளருக்கு வேடிக்கையாக இருக்கும். நூலில் கவுண்ட் குறைந்தால் நூல் பருமனாகிறது, அவ்வளவே. இரத்தத்தில் கவுண்ட் குறைவது அப்படிப்பட்டதன்று. ஏ.என்.சி. என்னும் எழுத்துகள், நோய்க் கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்களில் முதன்மையான வகையின் எண்ணிக்கை. மருந்து ஏற்றிய இரண்டாம் வாரத்தையொட்டி இது தாழ்வது வழக்கம். 500-க்குக் கீழே போனால் பேராபத்து. அந்நாள்களில் காய்ச்சல் 100.4 பாரன்ஹீட் டிகிரியைத் தொட்டுவிட்டால், இரவானாலும் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். கடையில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக் காய்ச்சலை அமுக்கி வைத்துக் காலைவரை காத்திருப்பது உயிருக்கு உலை வைப்பதாகும். இப்பாடத்தில் வேறெதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம் என்று அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

ஓர் எழுத்துக்கு இரு பொருள் உண்டென்பதையும் சொல்ல வேண்டும். பி.ஆர். என்பது சதைச் சோதனைத் தாளில் ஏற்பி. படம் எடுத்த தாளிலோ, நோய் ஓரளவு குறைந்தது என்பதாகும். ஆர்.டி. என்பது கதிர் சிகிச்சையாகவும் இருக்கலாம். மூக்கு வழியாக உணவு செலுத்தும் ரைல்ஸ் குழாயாகவும் இருக்கலாம். எஸ்.ஓ.எஸ். என்று மாத்திரைக்கு எதிரே எழுதியிருந்தால் அபாயக் குரலன்று; ‘தேவைப்பட்டால் மட்டும்’ என்னும் லத்தீன் தொடரின் சுருக்கம்.

நமக்கே உரிய இடர் ஒன்றும் உண்டு. மருத்துவர் சொல்வதைக் காதால் கேட்டுத் தமிழில் குறித்துக்கொள்கிறோம். ஆங்கிலத்தின் இரு வேறு எழுத்துகள் நம் எழுத்தில் ஒரே ‘பி’ ஆகவும், வேறிரண்டு ஒரே ‘டி’ ஆகவும் ஆகிவிடுகின்றன. அதனால், ‘நாளைக்கு இருவேளை மாத்திரை’ என்பதன் சுருக்கமும் ‘நோய் முற்றுகிறது’ என்பதன் சுருக்கமும் நம் குறிப்பேட்டில் ‘பி.டி.’ என்று ஒன்றாகவே வந்து நிற்கும்! எனவே எழுத்துகளைக் கேட்டு எழுதாமல், தாளையே பிரதி எடுத்தோ கைபேசியில் படம் பிடித்தோ வைத்துக்கொள்க. புரியாத எழுத்தின்கீழ்ப் பென்சிலால் கோடிட்டு, அடுத்த முறை டாக்டரிடம் அதைக் காட்டி, “இது எந்தக் கேள்விக்கு விடை, ஐயா?” என்று கேட்கலாம். அவசரமான நாளாயின் அங்குள்ள செவிலியரைக் கேட்கலாம். கேட்பதில் வெட்கமில்லை. பாவில் எத்தனை இழை என்று டாக்டருக்கும் தெரியாதுதானே.

அங்கத்தினர் வெள்ளிக்கிழமை மனைவியுடன் சென்றுவந்தார். இரண்டாவது தவணையும் முடிந்திருக்கிறது. தறியைப் பக்கத்து வீட்டார் பார்த்துக்கொள்கிறார்கள். காப்பீட்டுத் திட்டத்திற்கு விண்ணப்பிக்கும்போது மருத்துவமனையார் கேட்கும் தாள்களைப் பற்றி அடுத்த இதழில் எழுதுவோம்.