அறியாதார் விலையும் அறிந்தார் ஆதாயமும்

விடுமுறை நெருங்குகிறது. விடுதியில் பெட்டி கட்டும் பேச்சோடு இவ்வாண்டு புதிய பேச்சு ஒன்றும் கலந்திருக்கிறது. ஊருக்குச் செல்பவர்கள் அங்கே பரண்மேல் கிடக்கும் பழைய சாமான்களைச் சொற்ப விலைக்கு வாங்கி வரலாம். இந்நகரத்தில் அவற்றை நல்ல விலைக்கு விற்கலாம் என்பதே அப்பேச்சு. நான் வேதியியல் மாணவன். வெண்கலம் எது, பித்தளை எது என்று பார்த்துச் சொல்லக்கூடியவன் என்ற காரணத்தால் என்னையும் இக்கூட்டு முயற்சியில் சேரும்படி நண்பர்கள் அழைத்தார்கள். விடை சொல்வதற்கு முன் இதைப் பற்றிச் சிறிது படித்தேன், சிறிது எண்ணினேன். அவ்வெண்ணங்களை நம் சங்க இதழின் வாயிலாக எல்லோர் முன்னும் வைப்பது நலம் என்று தோன்றியது.

கேள்வி இதுதான். ஒரு பொருளின் மதிப்பை வாங்குகிற நான் அறிவேன், விற்கிறவர் அறியார். அவர் அறியாமையினால் எனக்குக் கிடைக்கும் ஆதாயம் நேர்மையானதா?

1. ஒரு பொருள், மூன்று விலை

காரைக்குடியைச் சுற்றியுள்ள நகரத்தார் ஊர்களை எடுத்துக்கொள்வோம். பர்மா, மலேயா, இலங்கை ஆகிய நாடுகளில் கொடுக்கல் வாங்கல் செய்து பொருள் ஈட்டியவர்கள் அங்கே பெரிய வீடுகளைக் கட்டினார்கள். பர்மாத் தேக்கில் தூண்கள் நிறுத்தினார்கள். மகளுக்குச் சீர் கொடுக்கும்போது வெண்கலம், பித்தளை, மங்குச் சாமான் என்று அறை நிறையக் கொடுத்தார்கள். 1942இல் ஜப்பானியர் படை பர்மாவில் புகுந்தது. அங்கிருந்த தொழிலும் சொத்தும் பலருக்குக் கைவிட்டுப் போயின. பிள்ளைகள் வேலை தேடி வெளியூர் சென்றார்கள். ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் பலர் ஆனார்கள். காத்துப் பேண ஆளில்லாத வீடுகள் சில பிரிக்கப்பட்டன. அவற்றின் தூணும் கதவும் பாத்திரமும் விலைக்கு வந்தன. காரைக்குடி முனீசுவரன் கோவில் தெருவில் இன்று பழம்பொருள் கடைகள் வரிசையாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

அவ்வீடுகளில் இருந்து வரும் ஒரு பாக்குவெட்டியை நினைத்துப் பாருங்கள். காயலான் கடைக்காரருக்கு அது இத்தனை கிராம் பித்தளை அல்லது இரும்பு. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுப்பவர் தெருவில் கூவிக்கொண்டு வந்த நாட்களில் அதன் விலை ஒரு கைப்பிடிப் பழம். வெற்றிலை போடும் பாட்டிக்கு அது நாள்தோறும் பயன்படும் கருவி. அரும்பொருள் சேர்ப்பவருக்கோ அது ஒரு கலைப்பொருள். எடை விலை, பயன் விலை, அருமை விலை என்ற இம்மூன்றும் ஒரே பொருளின் விலைகளே. முதல் விலைக்கு வாங்கி மூன்றாம் விலைக்கு விற்பதுதான் பழம்பொருள் வாணிகம். மும்பையின் சோர் பசாரிலும் தில்லியின் சுந்தர் நகரிலும் நடப்பது இதுவே.

இங்கே என் பாடத்திலிருந்து ஒரு செய்தி சொல்ல வேண்டும். செம்பும் வெள்ளீயமும் கலந்தது வெண்கலம். செம்பும் துத்தநாகமும் கலந்தது பித்தளை. நெடுங்காலக் காற்றும் ஈரமும் பட்டு இவற்றின்மேல் ஒரு மெல்லிய படலம் படிகிறது. பழம்பொருள் அறிந்தவர் அப்படலத்தைப் பொருளின் வயதுக்கு ஒரு சான்றாகக் கொள்வர். வீட்டுப் பெண்களோ, விற்கப் போகும் விளக்கைப் புளி போட்டுப் பளபளக்கத் தேய்த்து வைப்பார்கள். புளியில் உள்ள அமிலம் அப்படலத்தைக் கரைத்துவிடும். விலை ஏறும் என்று எண்ணிச் செய்த வேலையே விலையைக் குறைத்துவிடும். அறியாமை விற்பவருக்கு இருமுறை இழப்பைத் தருகிறது என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

2. வாங்குபவர் பக்கத்து நியாயம்

ஆதாயம் என்றாலே பாவம் என்று சொல்லிவிடுவது எளிது. அது சரியன்று. எது அரியது, எது போலி என்று அறிவதற்குப் பல ஆண்டுகள் வேண்டும். ஊர் ஊராக அலைய வேண்டும். வாங்கியவற்றில் சில விற்காமலே கிடக்கும்; சில போலியாகவும் போகும். இந்த அறிவுக்கும் உழைப்புக்கும் துணிவுக்கும் கூலி வேண்டாமா?

மேலும், குறைந்த விலைக்கு வாங்க ஒருவர் இல்லையேல் பல பொருள்கள் அழிந்தே போயிருக்கும். கோட்டையூர் ரோஜா முத்தையா பழைய நூல்களையும் இதழ்களையும் தேடித் தேடி வாங்கிச் சேர்த்தார். வேறொருவர் கையில் அவை எடைக்குப் போயிருக்கும். கடலை மடிக்கும் தாளாக முடிந்திருக்கும். 1992இல் அவர் மறைந்தார். 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை விலைக்கு வாங்கியது. அதை நாடு கடத்தாமல் சென்னையிலேயே வைத்து ஆய்வு நூலகமாக அமைக்க வழி செய்தது. தமிழ் அச்சு வரலாற்றை ஆராய்வோர் இன்று நாடிச் செல்லும் இடம் அது. பழைய சாமான் வாங்குபவர் ஒவ்வொருவரையும் கள்வர் போலப் பார்ப்பது நன்றி மறத்தலாகும்.

ஆனால் இந்த நியாயம் ஓரளவுக்கே செல்லும். உழைப்புக்குக் கூலி உண்டு என்பது ஒரு கூற்று. விற்பவரின் அறியாமை முழுவதும் என் உடைமை என்பது வேறொரு கூற்று. முதலாவதைச் சொல்லி இரண்டாவதை நாட்ட முடியாது.

3. சட்டம் எங்கே நிற்கிறது?

நம் நாட்டு ஒப்பந்தச் சட்டம் 1872ஆம் ஆண்டினது. அதன் 17ஆம் பிரிவு வஞ்சகம் எது என்று கூறுகிறது. வெறுமனே வாய்மூடி இருப்பது வஞ்சகம் ஆகாது என்பது அங்குள்ள பொது விதி. அதற்குச் சட்டமே ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறது. வணிகர் இருவர் பேரம் பேசுகின்றனர். விலை மாறப்போகும் செய்தி ஒருவருக்கு மட்டும் தெரியும். அதை மற்றவருக்குச் சொல்ல அவர் கடமைப்பட்டவர் அல்லர். விலை போதாது என்ற ஒரே காரணத்தால் விற்பனை செல்லாது போகாது என்று 25ஆம் பிரிவின் விளக்கம் சொல்கிறது. ஆனால் இசைவு உண்மையில் மனமொத்துத் தரப்பட்டதா என்று பார்க்கும்போது விலைக் குறைவையும் கருதலாம் என்று அதே விளக்கம் சேர்த்துச் சொல்கிறது.

17ஆம் பிரிவில் இன்னோர் எடுத்துக்காட்டும் உண்டு. தந்தை தன் மகளுக்கு ஒரு குதிரையை விற்கிறார். மகள் அண்மையில்தான் உரிய வயதை அடைந்தவள். குதிரைக்கு நோய் இருந்தால் தந்தை அதைச் சொல்லியே ஆகவேண்டும். உறவு பேசும் கடமையை உண்டாக்குகிறது என்பது இதன் கருத்து.

இவ்விரண்டு எடுத்துக்காட்டுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது நம் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடுகிறது. கடைக்காரரிடம் கடைக்காரர் வாங்கும்போது இருவரும் அத்தொழிலின் இயல்பை அறிந்தவர்கள். காயலான் கடையின் குவியலில் அரிய பொருள் ஒன்றை ஒருவர் கண்டெடுத்தால் அது பெரும்பாலும் அவர் கண்ணின் கூலி. வீட்டு வாசலில் நடக்கும் பேரம் அப்படிப்பட்டதன்று.

4. உறவுச் சொல்லின் பொறுப்பு

நாம் ஊரில் எப்படிப் போய் வாங்குவோம்? கதவைத் தட்டி, "ஆச்சி, நல்லா இருக்கியளா?" என்று கேட்போம். பக்கத்து ஊரில் இருக்கும் மாமன் பெயரைச் சொல்வோம். மோர் கொடுத்தால் வாங்கிக் குடிப்போம். பின்னர்த்தான், "பரண்மேலே சும்மாதானே கெடக்கு, குடுக்கிறியளா ஆச்சி?" என்று தொடங்குவோம். அந்த அம்மையாரும், "நீயே பாத்துச் சொல்லுப்பா" என்று நம்மிடமே விலை கேட்பார்.

அந்த ஒரு சொல் நிலைமையை மாற்றிவிடுகிறது. அதுவரை நாம் வாங்குபவர். இப்போது நாமே விலை சொல்பவரும் ஆகிவிட்டோம். வணிகர் என்று அறிந்திருந்தால் அவர் நான்கு பேரைக் கேட்டிருப்பார். பேரன் முறை கொண்டாடியதால் கேட்கவில்லை. உறவைக் காட்டி நம்பிக்கையைப் பெறுவது, பேரம் வந்ததும் அந்நியராகி வாய்மூடிக் கொள்வது என்ற இரண்டையும் ஒருவரே செய்தல் ஆகாது. முறை சொல்லி அழைத்தவர் முறையோடு நடக்க வேண்டும்.

விற்பவரின் தேவையையும் பார்க்க வேண்டும். மருத்துவச் செலவுக்கோ கல்லூரிக் கட்டணத்துக்கோ பணம் வேண்டி அவசரமாக விற்பவரிடம் பேரம் பேசுவது ஒன்று. இடம் அடைக்கிறது என்று விற்பவரிடம் பேசுவது வேறொன்று. முன்னவர் அறியாமையோடு நெருக்கடியையும் சுமந்து நிற்கிறார்.

வள்ளுவர் வாணிகத்தைப் பற்றிய தம் கருத்தை நடுவுநிலைமை என்னும் அதிகாரத்தில் வைத்திருக்கிறார். பிறர் பொருளையும் தம் பொருள் போலவே கருதுவதுதான் வாணிகத்துக்கு அழகு என்பது அவர் கொள்கை. தராசின் இரு தட்டையும் ஒரே கண்ணால் பார்க்கச் சொல்கிறார்.

ரோமானிய அறிஞர் சிசரோ, கி.மு. 44இல் எழுதிய நூலில் ஸ்கேவோலா என்பவரைக் குறிப்பிடுகிறார். அவர் ஒரு நிலத்தை வாங்க விரும்பினார். விற்பவர் விலை சொன்னார். நிலம் அதனினும் மதிப்புடையது என்று கூறி, சொன்ன விலைக்கு மேல் ஒரு லட்சம் செஸ்டர்ஸ் சேர்த்துக் கொடுத்தாராம் ஸ்கேவோலா. அவர் நல்லவர் என்று எல்லோரும் ஒப்பினர். அறிவாளி என்று ஒப்பவில்லை என்கிறார் சிசரோ. நன்மையையும் அறிவையும் இப்படி எதிரெதிராக நிறுத்தும் பழக்கம் இரண்டாயிரம் ஆண்டாக மாறவில்லை!

5. ஒரு சிறு கணக்கு

ஸ்கேவோலாவைப் போல நாம் எல்லோரும் நடக்க முடியுமா என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். பின்வரும் எண்கள் கற்பனையே.

ஒரு குத்துவிளக்கு நகரத்தில் ரூ. 20,000க்கு விற்கும் என்று கொள்வோம். கொண்டுவரும் செலவும் பழுது பார்க்கும் செலவும் ரூ. 4,000. விற்காமல் போன பிற பொருள்களின் இழப்பில் இதன் பங்கு ரூ. 3,000. நம் உழைப்புக்கு ரூ. 3,000. ஆக ரூ. 10,000. மீதி ரூ. 10,000. அந்த அம்மையாரோ எடைக் கணக்கில் ரூ. 2,000 கேட்கிறார்.

இடையிலுள்ள ரூ. 8,000தான் நம் கட்டுரையின் பொருள். ரூ. 10,000 முழுவதையும் கொடுத்தாலும் நம் உழைப்புக்குக் கூலி கிடைத்துவிடுகிறது, நட்டம் இல்லை. ரூ. 6,000 கொடுத்தால் இருவரும் பகிர்ந்துகொண்டவர்கள் ஆவோம். ரூ. 2,000 மட்டும் கொடுத்தால் அந்த ரூ. 8,000க்கு நாம் செய்த வேலை என்ன? செலவும் இழப்பும் கூலியும் முன்னரே கழிந்துவிட்டன. மிஞ்சி நிற்பது அவருடைய அறியாமையின் விலை ஒன்றே.

6. எவ்விலைக்கும் வாங்கக் கூடாதவை

சில பொருள்களில் விலைக் கேள்விக்கே இடமில்லை. கோவில் பொருளும் மண்ணில் கிடைத்த புதையலும் அத்தகையவை. 1976இல் திருவாரூரை அடுத்த பத்தூரில் மண்ணைத் தோண்டியபோது நடராசர் திருமேனி ஒன்று வெளிப்பட்டது. அது கைமாறிக் கைமாறிக் கடல் கடந்தது. 1982இல் கனடா நாட்டுப் பம்பர் நிறுவனம் அதை லண்டனில் 2,50,000 பவுனுக்கு வாங்கியது. தான் நல்லெண்ணத்துடன் வாங்கியதாக அந்நிறுவனம் வழக்காடியது. 1988இல் லண்டன் நீதிமன்றம் சிலை கோவிலுக்கே உரியது என்றது. 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. நடராசர் தாயகம் திரும்பினார். விற்க உரிமை இல்லாதவரிடம் வாங்கியவருக்கு நல்ல விலையும் நல்லெண்ணமும் துணை நிற்கவில்லை.

1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச் செல்வங்கள் சட்டத்தையும் நாம் அறிந்திருக்க வேண்டும். நூறாண்டு கடந்த கலை, கைவினைப் பொருள்கள் அச்சட்டத்தின் கீழ் வரும். அறிவியல், வரலாறு, இலக்கியம் ஆகியவற்றில் மதிப்புடைய சுவடிகளுக்கு எழுபத்தைந்து ஆண்டே போதும். இவற்றை விற்கும் தொழிலுக்கு உரிமம் வேண்டும். தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்வது குற்றம். ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும் தண்டமும் உண்டு. கொள்ளுப்பாட்டியின் சீர்ச் சாமானும் நூறாண்டைத் தாண்டியிருக்கலாம். "விடுமுறையில் ஒரு சிறு வியாபாரம்" என்று இலேசாகச் சொல்லிவிட முடியாது.

7. முடிவாகச் சில நெறிகள்

இவற்றிலிருந்து நான் பெற்ற நெறிகள் ஐந்து.

ஒன்று: யாருடையது என்று தெரியாத பொருளைத் தொடாதிருத்தல்.

இரண்டு: நாம் வாங்குவது மறுவிற்பனைக்கு என்பதை முதலிலேயே சொல்லுதல்.

மூன்று: "நீயே விலை சொல்" என்று கேட்டால், நாம் அறிந்த உண்மை விலையைச் சொல்லி, அதில் நம் செலவும் கூலியும் இவ்வளவு என்று கணக்குக் காட்டுதல்.

நான்கு: நெருக்கடியில் விற்பவருக்கு, இரண்டு நாள் பொறுத்து வேறு இடத்திலும் கேட்டுப் பார்க்கச் சொல்லுதல்.

ஐந்து: எதிர்பாராத பெரும் விலை கிடைத்தால், விற்றவருக்கும் ஒரு பங்கு கொண்டுபோய்க் கொடுத்தல்.

இவ்வளவும் செய்தால் வியாபாரம் நடக்குமா என்று நண்பர்கள் கேட்கலாம். மெதுவாக நடக்கும். ஆனால் நெடுநாள் நடக்கும். ஏமாந்த வீட்டின் செய்தி தெரு முழுவதும் பரவிவிடும்; அதன் பிறகு அத்தெருவில் நேர்மையானவருக்கும் கதவு திறவாது. கணக்குக் காட்டி வாங்கியவரையோ, "எங்க நாத்தனார் வீட்டிலேயும் பழைய சாமான் கெடக்கு, போய்ப் பாருப்பா" என்று அவர்களே அடுத்த வீட்டுக்கு அனுப்புவார்கள்.

என்னை அழைத்த நண்பர்களுக்கு நான் சொல்லியிருக்கும் விடையும் இதுவே. இவ்வைந்துக்கும் உடன்பட்டால் வெண்கலம், பித்தளை பார்த்துச் சொல்ல நான் வருவேன். ஆனால் நான் கண்டு சொல்வது வாங்குகிற நமக்கு மட்டும் கேட்கும்படி இராது. அந்த அம்மையார் முன்னிலையிலேயே, அவருக்கும் விளங்கும்படி, உரக்கச் சொல்வேன். வரும் சங்கக் கூட்டத்தில் இதை மறுத்தும் சிலர் பேச வேண்டும் என்பது என் விருப்பம்.