பின் வளவுக்கு வைனில் வேலி: காசு போக வேண்டிய இடம் மண்ணுக்குள்

பின் வளவை மறைக்க மதில் கட்டுவதா, இப்போது வந்திருக்கும் வெள்ளை நிறப் பிளாஸ்டிக் வேலியைப் போடுவதா? ஹாட்வெயார் வியாபாரம் செய்யும் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளில் இதுவும் ஒன்று. கேட்பவர்களில் பெரும்பாலோர் வீட்டுச் சொந்தக்காரர்கள். இந்த வேலியை இறக்கி விற்கலாமா, பொருத்திக் கொடுப்பதை ஒரு தொழிலாகச் செய்யலாமா என்று கேட்கும் இளைஞர்களும் உண்டு. இரு சாராருக்கும் பயன்படும் வகையில் இவ்விடயத்தைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

எங்கள் வீடுகளில் பின் வளவு சும்மா கிடக்கும் நிலம் அல்ல. கிணறு அங்கேதான், உடுப்புக் காயப் போடுவது அங்கேதான், பெண்கள் தலையில் துணியில்லாமல் தாராளமாக நின்று வேலை பார்ப்பதும் அங்கேதான். ஆகவே மறைப்பு என்பது ஆடம்பரச் செலவல்ல. முன்னர் கிடுகு வேலி அந்த வேலையைச் செய்தது. ஆனால் அதை அடிக்கடி மாற்றிக் கட்ட வேண்டும். பின்னர் தகரம் வந்தது. கடற்கரையோர ஊர்களில் உப்புக் காற்றுக்குத் தகரம் எவ்வளவு காலம் தாக்குப் பிடிக்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. மதில் உறுதியானது, ஆயினும் அத்திவாரம், கல், பூச்சு, கூலி என்று செலவு ஏறிக்கொண்டே போகும். 2022ஆம் ஆண்டு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவரை ஏறியபோது பாதி கட்டிய மதிலோடு நிறுத்தியவர்கள் எத்தனை பேர் என்பதை அவரவர் ஒழுங்கையில் பார்த்திருப்பீர்கள்.

வைனில் வேலி என்பது பீ.வீ.சி. பிளாஸ்டிக்கால் ஆனது. குழாய்க்குப் பாவிக்கும் அதே இனம்தான். துருப்பிடிக்காது, கறையான் தின்னாது, பெயின்ற் தேவையில்லை. வெயில்தான் இதன் எதிரி. அதைத் தாங்குவதற்காகத் தைட்டானியம் டயொக்சைட் என்ற வெள்ளைத் தூளைக் கலக்கிறார்கள். (அந்தத் தூளுக்கு மூலப்பொருளான இல்மனைட் மணல் எங்கள் புல்மோட்டைக் கரையில்தான் கிடக்கிறது. நாங்கள் மணலாக ஏற்றுமதி செய்கிறோம். தூளையும் அதில் செய்த சாமானையும் காசு கொடுத்து இறக்குமதி செய்கிறோம். இதைப் பற்றி எழுதத் தொடங்கினால் இன்னொரு கட்டுரை ஆகிவிடும்.) இந்தக் கலவை குறைந்த பலகை மஞ்சளித்து, பின்னர் வெடித்துப் போகும். வீட்டுக்குள் சீலிங் அடிக்கும் மெல்லிய பீ.வீ.சி. பலகையை வேலிப் பலகை என்று சொல்லித் தள்ளிவிடுவோரும் சந்தையில் உண்டு. அது வெளி வெயிலுக்குச் செய்யப்பட்டதல்ல. வாங்குமுன் ஒரு துண்டை வெட்டி உள்சுவரின் தடிப்பைப் பாருங்கள், இரண்டு இடத்துச் சாமானைத் தராசில் போட்டு அடிக்கணக்கில் எடையை ஒப்பிடுங்கள். வேலிக்கென்று செய்த பீ.வீ.சி. உருப்படிகளுக்கு ஏ.எஸ்.ரீ.எம். எஃப் 964 என்ற அமெரிக்கத் தரம் இருக்கிறது. விற்பவரிடம் அந்த இலக்கத்தைச் சொல்லிக் கேட்டாலே அவர் எப்படிப்பட்டவர் என்பது பாதி விளங்கிவிடும்.

இப்போது பொருத்தும் விடயத்துக்கு வருவோம். இந்த வேலி அமெரிக்க வீடுகளின் பின் வளவுகளில் பரவிய ஒன்று. பெட்டியோடு வரும் செய்முறைக் கையேடும் அந்த நாட்டை நினைத்தே எழுதப்பட்டது. தூண் குழி ஆழத்தைப் பற்றிச் சொல்லும்போது, நிலம் பனியில் உறையும் ஆழத்துக்குக் கீழே போகும்படி அதில் எழுதியிருப்பார்கள். மினசோட்டா போன்ற வட மாநிலங்களில் அது மூன்றரை அடிக்கும் மேல். இதை வாசித்த எங்கள் பாஸ்மார் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? “நானா, எங்கட ஊரில பனியா உறையுது? ஒன்றரை அடி தோண்டினாப் போதும்.” வீட்டுக்காரருக்கும் சீமெந்து மிச்சம் என்று சந்தோஷம்.

பனி இல்லை என்பது உண்மை. காற்று இல்லை என்று யார் சொன்னது? கிடுகு வேலி காற்றை ஊடே விட்டுவிடும். இது இடைவெளி இல்லாத பலகை, பாய்மரத்தைப் போல நிற்கும். ஒரு பலகம் வழமையாக 8 அடி அகலம், 6 அடி உயரம். அதாவது 48 சதுர அடி. மணிக்கு 80 கிலோமீற்றர் வேகக் காற்று நேரே வந்து மோதினால் அந்த ஒரு பலகத்தின் மீது மட்டும் சுமார் 150 கிலோ பாரத்துக்குச் சமமான தள்ளல் விழும். காற்றின் வேகம் இரு மடங்கானால் தள்ளல் நான்கு மடங்காகும். 1978 நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பில் அடித்த சூறாவளியைக் கண்டவர்களுக்கு இந்தக் கணக்கு விளங்கும். அப்படியொரு சூறாவளிக்கு எந்தப் பிளாஸ்டிக் வேலியும் ஈடுகொடுக்காது என்பது வேறு விடயம். ஆனால் வருடா வருடம் வரும் மாரிக் காற்றுக்கே சாய்ந்த வேலிகளை நான் பார்த்திருக்கிறேன். பலகை உடைந்து சாய்ந்தது அதில் ஒன்றுகூட இல்லை. எல்லாமே தூண் அடியோடு பிரண்டவை.

எனவே 6 அடி வேலிக்கு 9 அடித் தூண் எடுங்கள். 8 அடித் தூணைக் கொடுத்து விலையைக் குறைத்துக் காட்டினால் மண்ணுக்குள் இரண்டு அடிகூடப் போகாது. குழி ஓர் அடி விட்டம், மூன்று அடி ஆழம். அடியில் அரை அடிக்குச் சல்லி போட்டால் தண்ணீர் இறங்கிப் போகும். அதன்மேல் தூணை நிறுத்தி, ஒன்றுக்கு இரண்டுக்கு நாலு என்ற கலவையில் கொங்கிரீட் போட வேண்டும். மேல்மட்டம் தூணிலிருந்து வெளிப்பக்கமாகச் சற்றுச் சரிந்திருந்தால் மழைத்தண்ணீர் தூணடியில் தேங்காது.

களிமண் பூமியில் இது இலகு. எங்கள் கரையோர ஊர்களின் மணலில் குழி தோண்டத் தோண்ட இடிந்து விழும். 20 லீற்றர் பெயின்ற் வாளிகள் இரண்டின் அடியை வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, உள்ளே மணலை அள்ளினால் குழி நிற்கும். கொங்கிரீட் ஊற்றிக்கொண்டே வாளியை மேலே இழுத்துவிடலாம். மணல் பக்கவாட்டில் பிடித்துக்கொடுப்பது குறைவு. ஆகையால் அங்கே இன்னும் அரை அடி ஆழமும் சற்று அகலமும் கூட்டுவது நல்லது. தூணையும் அதற்கேற்ற நீளத்தில் எடுங்கள். முடியுமானால் நாகம் பூசிய இரும்புக் குழாயையோ பொக்ஸ் பாரையோ கொங்கிரீட்டில் நட்டு, அதன்மேல் வைனில் தூணை உறைபோல் இறக்குங்கள். மூலைத் தூண்களுக்கும் கேட் தொங்கும் தூணுக்கும் இது மணலில் மட்டுமல்ல, எந்த மண்ணிலும் கட்டாயம். வெறும் பிளாஸ்டிக் தூணில் கேட்டைத் தொங்கவிட்டால் சில மாதங்களில் கேட் நிலத்தை உரசும்.

முதலில் மூலைத் தூண்களை நட்டு, நூல் கட்டி, அந்த நூலுக்கு மற்றவற்றை நிறுத்துவதே முறை. எல்லாத் தூணையும் ஒரே நாளில் நட்டுவிட்டுப் பிறகு பலகத்தை நுழைக்க முயல வேண்டாம். துளையிட்ட தூண் என்றால் குறுக்குச் சட்டத்தின் நுனி தூணுக்குள் போக வேண்டும். ஒரு தூண், ஒரு சட்டம், அடுத்த தூண் என்று போவதுதான் சரி. கீழ்ச் சட்டத்துக்குள் இரும்பு அல்லது அலுமினியப் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத சட்டம் பலகைகளின் பாரத்தால் நடுவில் தொய்யும். அதே சட்டத்தில் தண்ணீர் வடியும் சிறு துளைகளும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நுளம்பு வளர்க்கும் பீலியாகிவிடும்.

எங்கள் மேசன்மாருக்கு ஒரு பழக்கம், எதையும் இறுக்கிப் பொருத்துவது. மரத்துக்கும் இரும்புக்கும் அது சரி. இந்தப் பிளாஸ்டிக் சூட்டில் நீளும். அதிகாலை மழைக் குளிருக்கும் நடுப்பகல் வெயிலுக்கும் இடையே பலகையின் சூடு 30 பாகை மாறினால் 8 அடிச் சட்டம் 4 மில்லிமீற்றருக்கும் மேல் நீளும். தூணுக்குள் கால் அங்குல இடைவெளி விடாமல் முட்ட முட்ட நுழைத்தால், அல்லது பலகைக்குப் பலகை பசை பூசினால், வேலி வில்லாக வளையும். பிறகு “சாமான் சரியில்லை” என்று கடைக்காரனோடு சண்டை.

கொங்கிரீட் இறுகும்வரை தூணுக்கு முட்டுக் கொடுத்து, இரண்டு மூன்று நாள் தண்ணீர் தெளியுங்கள். கேட்டை அதற்குப் பிறகு மாட்டலாம். கீழ்ச் சட்டம் நிலத்திலிருந்து இரண்டு அங்குலமாவது உயர்ந்திருக்கட்டும். மாரியில் தண்ணீர் ஓடும் வளவுகளில் இது மிக முக்கியம். அடிவரை மூடிய வேலி தண்ணீரை மறித்து அடுத்த வீட்டுக்குள் அனுப்பிவிடும்.

அடுத்த வீடு என்றதும் எல்லையைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. வேலியில் செலவழித்த காசு முழுவதையும் வழக்கில் திருப்பிச் செலவழித்தவர்கள் இருக்கிறார்கள். கிடுகு வேலி வருடா வருடம் அடைக்கப்படும்போது ஒரு சாண் இப்படியும் அப்படியும் நகர்ந்திருக்கும். பழைய கதியால் நின்ற இடத்தையே எல்லை என்று எடுத்துக் கொங்கிரீட் போடுவது ஆபத்து. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்த கரையோரக் கிராமங்களில் வேலியோடு எல்லைக் கல்லும் போயிற்று. அங்கே உறுதியையும் பிளானையும் தவிர வேறு சாட்சி இல்லை. அனுமதிப்பத்திரமுள்ள நில அளவையாளரைக் கொண்டு கல்லைக் காட்டச் செய்யுங்கள். அவருடைய கட்டணம் முழு வேலையிலும் சிறிய பங்குதான்.

கல் தெரிந்த பிறகு தூணைக் கல்லின் நேர்கோட்டில் நட வேண்டாம். குழியின் கொங்கிரீட் முழுவதும் உங்கள் காணிக்குள் இருக்குமாறு தூணின் நடுவை எட்டு அங்குலமளவு உள்ளே எடுங்கள். அதேநேரம், வெளியே விட்ட அந்தத் துண்டை மறந்துவிடவும் கூடாது. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒருவர் பத்து வருடம் தடையின்றி, உங்கள் உரிமைக்கு எதிராகத் தனக்கென்று ஆண்டு வந்தால் அந்த நிலத்துக்கு உரிமை கோரலாம். வேலி உங்கள் எல்லைக்கு உள்ளே போடப்பட்டது என்பதைப் பிளானில் குறித்து, பக்கத்து வீட்டுக்காரரும் நீங்களும் ஒப்பமிட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். நல்ல உறவு இருக்கும்போதுதான் இந்த ஒப்பத்தை வாங்க முடியும். வீதிப் பக்கமாக வேலி வருவதாயின் குழி தோண்டுமுன் பிரதேச சபையிலோ நகர சபையிலோ வீதிக் கோட்டைக் கேட்டறிய வேண்டும். வளவுக்குள் நீர்க் குழாயும் மலக்குழியும் எங்கே என்பதையும் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள், அலவாங்கு போன பிறகு கேட்டுப் பயனில்லை.

வைனில் வேலியில் எனக்குப் பிடித்த ஒன்று, அதற்கு இரு பக்கமும் முகம்தான். தகர வேலியில் நல்ல பக்கம் உங்களுக்கு, சட்டமும் ஆணியும் அடுத்தவருக்கு. அதிலேயே பாதி மனஸ்தாபம் தொடங்கும்.

இனி, இதைத் தொழிலாகச் செய்ய நினைக்கும் தம்பிமாருக்கு. பலக விலையைச் சொல்லி ஆளைப் பிடிக்காதீர்கள். பின்பக்கம் 48 அடி, இரு பக்கமும் 32 அடி வீதம் மொத்தம் 112 அடி உள்ள ஒரு வளவை எடுத்துக்கொள்வோம். கேட் இல்லாமல் பார்த்தால் 14 பலகம், 15 தூண். குழிகளுக்குச் சேதாரத்தோடு சுமார் 30 கன அடி கொங்கிரீட். அதற்கு 50 கிலோ சீமெந்து 6 பைகள், மணல், சல்லி. அடியில் போடும் சல்லி மட்டும் 6 கன அடி. மூலைகளுக்கு இரும்பு, ஏற்றுக்கூலி, ஆட்கூலி. இவையெல்லாவற்றையும் கூட்டி 112ஆல் பிரித்து, ஓர் அடிக்கு இவ்வளவு என்று எழுத்தில் கொடுங்கள். கேட்டைத் தனி வரியில் எழுதுங்கள். தூணின் நீளத்தையும் குழியின் ஆழத்தையும் அதே தாளில் குறிப்பிடுங்கள். உங்களை விடக் குறைவாகக் கேட்கும் மற்றவரின் தாளில் அந்த இரண்டு எண்களும் இருக்காது. வாடிக்கையாளர் அதைக் கண்ணால் பார்க்கட்டும்.

இன்னொன்று, உதிரிச் சாமான். ஒரு கொள்கலனில் வந்த பலகையின் நாக்கும் பள்ளமும் அடுத்த கொள்கலனில் வருவதோடு பொருந்தும் என்று எதிர்பார்க்க முடியாது. பந்து பட்டு ஒரு பலகை வெடித்தால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம், அதே அச்சில் சாமான் இருந்தால். ஒவ்வொரு இறக்குமதியிலும் கொஞ்சத்தை விற்காமல் ஒதுக்கி வையுங்கள். வாடிக்கையாளரையும் நாலைந்து பலகை கூடுதலாக வாங்கி வீட்டில் நிழலில் வைக்கச் சொல்லுங்கள். பெட்டியில் அச்சடித்திருக்கும் ஆயுட்கால உத்தரவாதத்தை நம்பி நீங்கள் வாக்குக் கொடுக்க வேண்டாம். அந்த உத்தரவாதத்தை அவர்கள் எந்த நாட்டுக்கு, எந்தக் காலநிலைக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று வாசித்துப் பார்த்து, நீங்கள் நிறைவேற்றக்கூடிய வருடக் கணக்கை மட்டும் பில்லில் எழுதுங்கள்.

வாங்குபவரிடம் பில்லோடு சேர்த்துச் சொல்ல வேண்டியவை இன்னும் இரண்டு உண்டு. வேலியோரம் குப்பை எரிக்கக் கூடாது. இந்தப் பிளாஸ்டிக் 80 பாகைச் சூட்டிலேயே இளகத் தொடங்கிவிடும், பற்றி எரிந்தால் வரும் புகையும் நஞ்சு. பாசி பிடித்தால் சவர்க்காரத் தண்ணீரும் மென்மையான துணியும் போதும், தின்னர் போட்டுத் தேய்த்தால் மேற்பூச்சின் பளபளப்பு அதோடு போய்விடும்.