அந்தச் சிவப்பு விளக்கை எண்ணச் சொல்லுங்கள்

உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 வந்தால் பள்ளிச் சுவரெங்கும் பூமியைக் காக்கச் சொல்லும் ஓவியங்கள். வரைந்த பிள்ளையிடம், “உங்க வீட்டுல போன பில்லுக்கு எத்தனை யூனிட் ஓடுச்சு?” என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. அளக்கக் கற்றுத்தராமல் குறைக்கச் சொல்கிறோம். அதற்குச் சில தவறான நம்பிக்கைகளும் காரணம்.

நம்பிக்கை: அளப்பதற்குத் தனிக் கருவி வேண்டும், செலவாகும்.

உண்மை: கருவி வாசலிலேயே மாட்டியிருக்கிறது. டிஜிட்டல் மின் மீட்டரில் சின்னதாய் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும். மீட்டரின் முகப்பில் 1600, 3200 என்பது போல ஓர் எண் அச்சாகியிருக்கும். அத்தனை முறை சிமிட்டினால் ஒரு யூனிட் ஓடிவிட்டது என்று கணக்கு. வீட்டுப் பெரியவர் ஒருவர் கூட இருக்க, பிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரே ஒரு மின்விசிறியைப் போடச் சொல்லுங்கள். 3200 மீட்டர் என்றால், 75 வாட் விசிறிக்கு நிமிடத்துக்கு நான்கு முறை சிமிட்டும். விசிறியை நிறுத்திவிட்டு 2000 வாட் கீசரைப் போட்டால் நூறைத் தாண்டிவிடும். பிள்ளை எண்ணித் திணறும். அந்தத் திணறல்தான் எனக்கு வேண்டும். கீசர் எவ்வளவு இழுக்கிறது என்பது அதன்பின் மறக்காது. 30 வாட்டுக்குள் ஓடும் பிஎல்டிசி விசிறிக்குக் கொடுக்கும் கூடுதல் விலை எத்தனை மாதத்தில் திரும்பக் கிடைக்கும் என்ற கணக்கையும் பிள்ளையே போட்டுவிடும்.

நம்பிக்கை: சார்ஜரைப் பிடுங்கி வைத்தால் பெரிய மிச்சம்.

உண்மை: இன்றைய செல்போன் சார்ஜர் சும்மா செருகியிருந்தால் ஆண்டுக்கு ஓரிரு யூனிட்தான் போகும். டிவியை அணைத்தபின்னும் விழித்திருக்கும் செட்டாப் பாக்ஸ் 10 வாட் இழுத்தால்கூட ஆண்டுக்கு 80 யூனிட்டைத் தாண்டும். அணைக்க வேண்டியது அதை.

நம்பிக்கை: 100 யூனிட் வரை இலவசம்தானே, அதைப் பற்றி ஏன் கவலை?

உண்மை: தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் வரை வீடுகளுக்குப் பணம் இல்லை, புகை உண்டு. நிலக்கரியை நம்பியிருக்கும் நம் மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. 100 யூனிட்டுக்கு 70 கிலோ. அடுப்படியில் 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று எரிந்து தீர்ந்தால் 42 கிலோ அளவுக்கு வரும். சிலிண்டர் மாற்றிய தேதியைக் காலண்டரில் குறித்து வந்தால் அதுவும் கணக்கில் சேர்ந்துவிடும்.

நம்பிக்கை: மீந்த சோறு மண்ணோடு மக்கிவிடும், அதில் கெடுதல் இல்லை.

உண்மை: கொல்லையில் எருக்குழி இருந்தால் சரி. நகரத்தில் அது போய்ச் சேருவது சென்னையின் பெருங்குடி, கொடுங்கையூர் போன்ற குப்பைமேடுகளுக்கு. அங்கே காற்றுப் புகாத அடியில் அழுகி மீத்தேன் ஆகிறது. நூறாண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைவிட 27 மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு.

நம்பிக்கை: யார் வீட்டில் மின்சாரச் செலவு அதிகம் குறைந்ததோ அந்த மாணவருக்குப் பரிசு தர வேண்டும்.

உண்மை: இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். இரண்டு ஏசி உள்ள வீட்டுப் பிள்ளை எளிதில் 50 யூனிட் குறைத்துக் காட்டும். ஒரு விசிறி, இரண்டு பல்பு உள்ள வீட்டில் எதைக் குறைப்பது? அங்கே படிக்கும் விளக்கைத்தான் அணைப்பார்கள். எந்த வீட்டின் எண்ணையும் பெயரோடு பலகையில் எழுதக் கூடாது. வகுப்பின் மொத்தத்தை மட்டும் எழுதுங்கள். பாட்டி, தாத்தா, சித்தப்பா எல்லாரும் சேர்ந்திருக்கும் வீட்டில் யூனிட்டைத் தலைக்கு வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கோடையில் எண் ஏறத்தான் செய்யும். அதனால் மே, ஜூன் கணக்கை ஒப்பிட வேண்டியது போன ஆண்டு மே, ஜூனோடு. பழைய ரீடிங் மீட்டர் பக்கத்து வெள்ளை அட்டையில் இருக்கும். இல்லையென்றால் மின் இணைப்பு எண்ணைக் கொண்டு மின்வாரிய இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.