மலைப்படத்தில் எழுத்துக்கு இடம் எங்கே?

ஹட்டன், நுவரெலியா பக்கம் தங்குமிடமோ தேயிலைக் கடையோ சிவனொளிபாதமலை யாத்திரைக்கு வேனோ நடத்துகிறவர்களிடம் அழகான படங்களுக்குக் குறைவில்லை. ஆனால் இணையத்தளத்தில் அந்தப் படத்தின் மேலேயே எழுத்தைக் கொட்டிவிடுகிறார்கள். படமும் கெடுகிறது, தொலைபேசி எண்ணும் கண்ணில் படுவதில்லை.

கணினியைத் திறக்குமுன் ஒரு தாளில் எழுதுங்கள்: பக்கத்துக்கு வருகிறவர் செய்யவேண்டிய ஒரே காரியம் எது? அறைப்பதிவா, அழைப்பா? ஒன்றுதான்.

அடுத்தது படம். தலவாக்கலைக்கு அருகே வீதியிலிருந்தே தெரியும் சென்கிளேயர் நீர்வீழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். படத்தை நெடுக்கிலும் குறுக்கிலும் மும்மூன்றாகப் பிரியுங்கள். இயற்கைக்காட்சி ஓவியத்துக்காக ஆங்கிலேய ஓவியர் ஜோன் தோமஸ் ஸ்மித் 1797இல் எழுதிவைத்த மூன்றிலொரு பங்கு விதியிலிருந்து வளர்ந்த முறை இது. அருவி வலப்பக்கக் கோட்டில் விழட்டும்; இடப்பக்கத்து இரண்டு பங்கு தலைப்புக்கு. தேயிலை நிரைகள் வளைந்து செல்லும் படம் இன்னும் நல்லது. கண் நிரையோடு ஓடும். அது போய்ச் சேருமிடத்தில் பதிவுப் பொத்தானை வையுங்கள்.

எழுத்தை மூடுபனியின் மேல் வையுங்கள், கொழுந்தின் மேல் வேண்டாம். இலையும் நிழலும் மாறி மாறி வரும் பரப்பில் எந்த நிற எழுத்தும் எடுபடாது. பனி சீரான வெளிர்நிறம். கரும்பச்சை எழுத்து அதில் பளிச்சென்று தெரியும். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளி வேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்கவேண்டும் என்கிறது சர்வதேச வலை அணுகல் வழிகாட்டி. இதைச் சோதிக்க இலவசக் கருவிகள் உண்டு. படத்தில் பனியோ வானமோ இல்லையென்றால் எழுத்தைப் படத்துக்குக் கீழே இறக்கிவிடுங்கள்.

கைப்பேசியில்தான் பெரிய சேதம். அகலப் படத்தின் இரு ஓரமும் வெட்டுப்பட்டு நடுப்பகுதி மட்டும் மிஞ்சும். அருவி காணாமல் போகும். பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸில் ‘ஆப்ஜெக்ட் பொசிஷன்’ (object-position) கொண்டு அருவியை உள்ளே இழுங்கள், அல்லது நெட்டுவாக்கில் தனிப்படம் எடுங்கள். தமிழ் வரிகளுக்கு எழுத்தளவைப்போல் 1.6 மடங்கு உயரம் கொடுத்தால் மேல்வரியும் கீழ்வரியும் முட்டாது. மும்மொழித் தளமென்றால் மூன்றிலும் நீளமான சொல்லை வைத்துப் பொத்தானின் அகலத்தைத் தீர்மானியுங்கள்.

கொழுந்து பறிப்பவரின் படமென்றால், அவர் பார்க்கும் பக்கத்தில் எழுத்தை வையுங்கள். வருகிறவர் கண்ணும் அங்கேயே போகும். ஆனால் படம் எடுக்குமுன் அவரிடம் கேளுங்கள். எதற்காக எடுக்கிறீர்கள், எங்கே வரும் என்று சொல்லுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.